நீதி கேட்ட மக்களும் நிலைகுலைந்த அரியணையும்

மக்கள் முடியாட்சியை வீழ்த்திய வரலாறு என்றதும் பிரெஞ்சுப் புரட்சியே நம் நினைவுக்கு வரும். ஆயின், அம்மக்கள் தொடக்கத்திலேயே மன்னனை அகற்றப் புறப்பட்டவர் அல்லர். அவர்கள் கேட்டது நீதி ஒன்றே. அது மறுக்கப்பட்டபோதுதான் அரியணை சரிந்தது.

அக்காலப் பிரான்சில் குருமார் முதல் வகுப்பினர். பிரபுக்கள் இரண்டாம் வகுப்பினர். உழவர், தொழிலாளர், வணிகர் முதலிய ஏனையோர் மூன்றாம் வகுப்பினர். மக்கள் தொகையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இம்மூன்றாம் வகுப்பினரே. உழவன் அரசனுக்கு நிலவரி செலுத்தினான். திருச்சபைக்கு விளைச்சலில் பங்கு அளந்தான். பிரபுவுக்கு நிலக்கடமை இறுத்தான். உப்புக்கும் வரி உண்டு. பல பகுதிகளில் 8 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு உப்பை அரசு விதித்த விலைக்கு வாங்கியே தீரவேண்டும். குருமாருக்கும் பிரபுக்களுக்கும் நிலவரியிலிருந்து விலக்கு இருந்தது. உழைப்பவன் வரி கொடுத்தான். உயர்ந்தவன் சலுகை பெற்றான்.

அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவிய அரசு கடனில் மூழ்கியது. 1788இல் அரசுச் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கே சென்றது. அவ்வாண்டு ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது, கடுங்குளிரும் தொடர்ந்தது, ரொட்டி விலை ஏழைக்கு எட்டாமல் உயர்ந்தது.

வேறு வழியின்றிப் பதினாறாம் லூயி, 1614க்குப் பின் கூடாதிருந்த மூவகுப்பினர் பேரவையை 1789 மே 5ஆம் நாள் வெர்சேல்சில் கூட்டினான். அதற்கென மக்கள் ஊர்தோறும் தம் குறைகளை எழுதியனுப்பினர். அவற்றில் அவர்கள் வேண்டியது முடியாட்சியின் ஒழிவையன்று, வரியில் சமன்மையையே. ஆனால், பேரவையில் வகுப்புக்கு ஒரு வாக்கு என்பதே பழைய முறை. ஏறத்தாழ 600 உறுப்பினரைக் கொண்ட மூன்றாம் வகுப்பு, தலா 300 பேர் கொண்ட இரு வகுப்புகளிடம் என்றும் தோற்கவேண்டியதுதான்! தலைக்கு ஒரு வாக்கு வேண்டுமென அவர்கள் போராடினர். மன்னனோ பாரிசைச் சூழப் படைகளைக் குவித்தான். ஜூலை 14இல் மக்கள் வெடிமருந்து தேடிப் பாஸ்டில் கோட்டையைத் தாக்கினர். அங்கிருந்த கைதிகள் எழுவரே; எனினும் அன்று வீழ்ந்தது அச்சத்தின் கோட்டை. ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவு பேரவை பிரபுக்களின் சலுகைகளை ஒழிக்க முடிவு செய்தது. அக்டோபரில் ரொட்டி கேட்டு வெர்சேல்சுக்கு நடந்த பெண்கள் மன்னனைப் பாரிசுக்கே அழைத்து வந்தனர்.

அப்போதும் லூயி மன்னனாகவே இருந்தான். 1791 ஜூனில் எல்லையை நோக்கித் தப்பியோடிப் பிடிபட்டதும் மக்களின் நம்பிக்கை குலைந்தது. 1792 செப்டம்பர் 21இல் முடியாட்சி ஒழிந்தது. 1793 ஜனவரி 21இல் அவன் உயிரும் பறிக்கப்பட்டது.

பின்வந்த அச்ச ஆட்சியில் பல்லாயிரவர் மாண்டனர். 1804இல் நெப்போலியன் பேரரசனானான்; 1814இல் பழைய அரசமரபும் திரும்பியது. ஆனால், பிறப்பால் வந்த வரிவிலக்கும் பிரபுவின் நிலக்கடமையும் திரும்பவில்லை. முடியை மீட்க முடிந்தவர்களால் ஏற்றத்தாழ்வின் சட்டத்தை மீட்க முடியவில்லை. புரட்சியின் மெய்யான வெற்றி மன்னன் தலை வீழ்ந்ததில் இல்லை. அச்சட்டம் வீழ்ந்ததிலேயே இருக்கிறது. இதனை உணர்ந்து கற்பதே வரலாற்றுக் கல்வியின் பயனாகும்.