குத்துக்காலும் தொங்குகாலும்
கொங்கு நாட்டுக் கூரைகளைப் பற்றி ஒரு வரலாற்றுச் சிந்தனை

மனிதன் கட்டியவற்றுள் முதலில் அழிவது கூரை. அடித்தளம் ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடக்கும். சுவர் பல தலைமுறைகளைக் காணும். கூரையோ மழைக்கும் கறையானுக்கும் தீக்கும் முதல் இரையாகிறது. அதனால்தான் நம் நாட்டுக் கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் கல்லின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கோபுரத்தை எழுப்பிய சிற்பியைப் பேசும் நாம், குடியானவனின் தலைக்கு மேல் மரம் கோத்த தச்சனைப் பேசுவதில்லை. அவனுடைய அறிவு ஏட்டில் ஏறவில்லை. தூலத்திலும் கைமரத்திலும்தான் எழுதப்பட்டிருக்கிறது. நொய்யலுக்கு அருகே, ஊத்துக்குளி சாலையில், இன்று திருப்பூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட மண்ணரை போன்ற ஊர்களில், அந்த ஏடுகள் பின்னலாடைக் கூடங்களுக்கு இடம் விட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றப்பட்டு வருகின்றன. அவை முற்றிலும் மறையும் முன் அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது நம் கடமை.

கல்லில் உறைந்த மரம்

தமிழகத்தின் பழைய மரக்கூரைகள் எப்படி இருந்தன என்பதற்குச் சான்று மரத்தில் இல்லை, கல்லில்தான் இருக்கிறது. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் குடைந்த திரௌபதி இரதம், புல் வேய்ந்த குடிசையின் வடிவம். பீம இரதத்தின் கூரை, வளைந்த மரச்சட்டங்களின் மேல் வேய்ந்த நீண்ட கூடத்தின் சாயல். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலிலோ இந்தக் கலை உச்சத்தை எட்டியது. அங்குள்ள கொடுங்கைகளின் அடிப்புறத்தில் கைமரங்களும், அவற்றின் குறுக்கே செல்லும் சட்டங்களும், அவற்றைப் பிணைக்கும் குமிழாணிகளும் கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. மரக்கூரையின் அடியில் நிற்கிறோம் என்றே கண் நம்பிவிடும். தில்லைச் சிற்றம்பலத்தில் மரச்சட்டகமே பொன் வேய்ந்த கூரையைத் தாங்குகிறது. அதன் கைமரங்களை அறுபத்து நான்கு கலைகளோடு ஒப்பிட்டுப் போற்றுவது மரபு.

ஆயினும் கல் நமக்குத் தருவது உருவத்தை மட்டுமே. மரம் எப்படித் தோன்றியது என்பதைக் கல் காட்டும். எப்படி உழைத்தது என்பதைக் காட்டாது. எந்த மரம் நசுங்கிற்று, எது வளைந்தது, எது இழுபட்டது என்பதை அறிய வேண்டுமானால், பழைய வீட்டுக்குள் சென்று அண்ணாந்து பார்க்கத்தான் வேண்டும்.

தூலமும் குத்துக்காலும்

சரிந்த கூரையின் அடிப்படைச் சிக்கல் ஒன்றே. இரண்டு கைமரங்களை உச்சியில் சாய்த்து நிறுத்தினால், அவை கால் விரிக்கப் பார்க்கும். இருகால் ஏணியைத் தளத்தில் நிறுத்தி ஏறினால் அதன் கால்கள் விலகுவது போல, கைமரங்களின் அடிப்பாகம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். இந்தத் தள்ளுதல் சிறியதன்று. 45 பாகைச் சரிவில், ஓர் இணைக் கைமரங்கள் சுமக்கும் மொத்தப் பளுவில் கால் பங்கு. 30 பாகைச் சரிவில் ஐந்தில் இரண்டு பங்கிற்குச் சற்று அதிகம். கூரை படுக்கப் படுக்கத் தள்ளுதல் பெருகும். மண்சுவர் இதை நெடுங்காலம் தாங்காது.

நம் தச்சர்கள் இதற்குக் கண்ட விடை, கைமரங்களைத் தள்ளவே விடாமல் செய்வது. சுவருக்குச் சுவர் குறுக்காகக் கனத்த தூலம் ஒன்றைக் கிடத்தினர். அதன் நடுவில் குத்துக்கால் ஒன்றை நட்டனர். குத்துக்காலின் தலையில் மோட்டுவளை அமர்ந்தது. கைமரங்களின் மேல்முனை அந்த வளையிலும் கீழ்முனை சுவரிலும் தங்கின. மேலே தாங்கல் கிடைத்துவிட்டதால் கைமரம் சாய்ந்து தள்ளுவதில்லை. இரு முனைகளிலும் படுத்து இளைப்பாறுகிறது. கைமரங்களின் மேல் வரிச்சு, அதன் மேல் பனையோலையோ புல்லோ நாட்டு ஓடோ.

மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு இது. கோணல் மரமும் இதற்குப் போதும், இரும்பு தேவையில்லை, வறண்ட கொங்கு மண்ணில் கைக்கெட்டும் பனையே கைமரமாகிவிடும். முற்றிய பனையின் புறப்பகுதி கருத்து வைரம் பாய்ந்திருக்கும். உட்பகுதி சோறு போல மென்மையானது. மரத்தை நெடுகப் பிளந்து, மென்பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு, வைரத்தை மட்டும் கூரைக்கு ஏற்றினார்கள்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கூரைப் பளுவில் ஏறக்குறையப் பாதி மோட்டுவளை வழியாகக் குத்துக்காலில் இறங்கி, தூலத்தின் நடுமுதுகில் விழுகிறது. தூலம் வளைந்துதான் அதைத் தாங்க வேண்டும். அறையின் அகலம் இரட்டித்தால், நடுவில் விழும் அதே பளுவுக்கே வளைக்கும் விசை இரட்டிக்கும். கூரையும் அகன்று பளுவும் கூடுவதால் சுமை அதற்கும் மேல் பெருகும். தூலத்தின் உயரத்தை இரட்டித்தால் வலிமை நான்கு மடங்காகும். கனத்தை இரட்டித்தால் இரு மடங்குதான். ஆயினும் காட்டில் மரம் பருப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ஆகவே நம் பழைய வீடுகள் ஒடுங்கி நீண்டன. அகலம் வேண்டியவர்கள் நடுவில் முற்றம் விட்டு, அதைச் சுற்றி நான்கு ஒடுங்கிய கட்டுகளைச் சேர்த்தார்கள். தொட்டிக்கட்டு வீட்டின் அழகுக்குப் பின்னால் தூலத்தின் இந்த எல்லையும் நிற்கிறது.

தொங்குகாலின் வருகை

மத்தியதரைக் கடல் நாடுகளில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை பிறந்தது. அங்கே கைமரங்களைத் தள்ள விட்டார்கள். ஆனால் அவற்றின் அடிகளைக் குறுக்கு மரம் ஒன்றால் இழுத்துக் கட்டினார்கள். ஏணியின் கால்களுக்கிடையே கயிறு கட்டுவது போன்ற வழி இது. இக்குறுக்கு மரம் தூலம் போலவே தோன்றினாலும், அதன் வேலை சுமப்பதன்று, இழுத்துப் பிடிப்பது. நீளம் கூடும்போது இழுவை மரம் தன் எடையாலேயே நடுவில் தொய்யும். அதைத் தடுக்க, கைமரங்கள் சந்திக்கும் உச்சியிலிருந்து ஒரு காலைத் தொங்கவிட்டு, அதன் அடியில் இழுவை மரத்தைப் பிணைத்தார்கள். இதுவே இன்று ‘டிரஸ்’ என்று எல்லோரும் சொல்லும் முக்கோணச் சட்டகம்.

இங்கே வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். கீழிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே: குறுக்கே ஒரு மரம், நடுவில் ஒரு கால், இருபுறமும் சாய்ந்த கைமரம். ஆனால் நம் குத்துக்கால் கீழ்மரத்தை அழுத்துகிறது. தொங்குகால் கீழ்மரத்தைத் தூக்குகிறது. ஒன்று தன் சுமையைக் கீழுள்ளவன் முதுகில் இறக்குகிறது. மற்றது கீழுள்ளவனை மேலிருந்து தாங்கிப் பிடிக்கிறது. உருவம் ஒன்று, உழைப்பு நேர்மாறு.

இவ்வகைச் சட்டகங்களுள் இன்றும் தன் இடத்திலேயே நிற்பவற்றில் மிகப் பழையவை, எகிப்தின் சீனாய் மலையடிவாரத்தில் புனித கத்தரீன் மடத்துக் கோவிலில் உள்ளன. அவற்றின் மரங்களில் பேரரசர் ஜஸ்டீனியன், மறைந்துவிட்ட அரசி தியோடோரா ஆகியோரின் பெயர்களும் கட்டியவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதால், 548-க்கும் 565-க்கும் இடைப்பட்டவை என்று காலம் கணிக்க முடிகிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்தப் பாலைவனத்தில் கைமரம் தள்ளிக்கொண்டும் இழுவை மரம் பிடித்துக்கொண்டும் நிற்கின்றன.

ரயிலும் சீமை ஓடும்

தொங்குகால் கொங்கு நாட்டுக்கு அரசுப் பொறியாளர்களுடனும் ரயிலுடனும் வந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூருக்கு ரயில்பாதை 1862-இல் முழுமையடைந்தது. திருப்பூர் அந்தப் பாதையில் அமைந்தது. மூன்றாண்டுகளில், 1865-இல், பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் அந்த ஓட்டின் மூலம், அல்சேஸ் பகுதியின் கிலார்டோனி சகோதரர்கள் 1841-இல் காப்புரிமை பெற்ற வடிவம். மேற்குக் கரையில் சுட்ட ஓடு, ‘சீமை ஓடு’, ‘மங்களூர் ஓடு’ என்ற பெயர்களில் நம் ஊர்களுக்கும் ஏறி வந்தது.

சீமை ஓடு தச்சனின் பழக்கத்தையே மாற்றிற்று. நாட்டு ஓடு கோணல் கைமரத்தை மன்னிக்கும். கொளுவும் ஓடு மன்னிக்காது. ரீப்பர்கள் ஒரே இடைவெளியில், ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒன்று பிசகினாலும் மழைநீர் உள்ளே வரும். ஆகவே பனை பின்வாங்கி, அறுத்த சட்டங்கள் முன்வந்தன. ஆனைமலைத் தேக்கு டாப்ஸ்லிப் சரிவில் உருட்டிவிடப்பட்டுச் சமவெளிக்கு இறங்கிய காலம் அது.

நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஓடுகள்; அவற்றின் எடை மட்டும் 350 கிலோ அளவில். பருத்தி அரைவை ஆலைக்கும் பஞ்சுக் கிட்டங்கிக்கும் தேவையான அகலத்தில் இதைத் தாங்கத் தூலத்தால் இயலாது. அங்கேதான் தொங்குகால் பயன்பட்டது. ஒற்றைத் தொங்குகால் ஏறத்தாழ 26 அடி வரையும், இரட்டைத் தொங்குகால் 40 அடி வரையும் தூண் இல்லாமல் கடக்கும் என்பது பொறியியல் பாடநூல்களின் கணக்கு.

குத்துக்காலில் பழகிய கைக்கு இது எளிதன்று. குத்துக்காலைத் தூலத்தின் மேல் இறுக்கி உட்கார வைப்பதே நல்ல வேலை. தொங்குகாலின் அடியிலோ சிறு இடைவெளி விட வேண்டும். இழுவை மரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு, ஆப்பு அடித்து மேலே இழுக்க வேண்டும். பழகிய வழியிலேயே காலை இறுக்கி உட்கார வைத்தால், சட்டகம் வெறும் தூலமாகிவிடும். மெல்லிய இழுவை மரம் சுமக்கத் தெரியாமல் முறியும். இரும்புப் பட்டைகளோடு நிற்கும் பழைய ஓட்டுக் கிட்டங்கி எதிலும், புதிய அறிவு ஒன்றைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்ட தச்சனைக் காணலாம்.

தகட்டின் காலம்

திருப்பூரில் பனியன் தொழில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேர்விட்டது. 1980-களில் ஏற்றுமதி பெருகியபோது ஊரின் உருவமே மாறியது. தையல் எந்திரங்கள் வரிசையாக நிற்கவும், வெட்டும் மேசைகள் நீண்டு கிடக்கவும் தூணில்லாத கூடம் தேவை. இரும்பு ஆங்கிளும் குழாயும் பற்றவைத்த டிரஸ் அதைத் தந்தது; அதன் மேல் தகடு அமர்ந்தது. விளைநிலங்களும் ஓட்டு வீடுகளும் இருந்த இடங்களில் இக்கூடங்கள் எழுந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு உலை கொதித்தது இக்கூரைகளின் கீழேதான் என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தக் கூரைக்கும் தனிக் கணக்கு உண்டு. ஓட்டுக் கூரையின் பகை அதன் எடை; தகட்டுக் கூரையின் பகை அதன் எடையின்மை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றை இப்பகுதியினருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றுப் பளுவுக்கான இந்தியத் தரநூல் கோயம்புத்தூருக்கு வகுத்த அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 90 கிலோ எடைக்கு நிகரான அழுத்தத்தைத் தர வல்லது. அரை மில்லிமீட்டர் இரும்புத் தகட்டின் எடையோ அதே பரப்பில் 4 கிலோ. காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும்போது சட்டகத்தின் வேலை முழுவதும் தலைகீழாகிறது. இழுபட்டுக்கொண்டிருந்த கீழ்க்குழாய் நசுக்கப்படுகிறது. இழுவைக்கென மெலிதாக வைத்த அது பக்கவாட்டில் வளைந்து விடுகிறது. எனவே தூணை அடித்தளத்தோடு பிணைக்கும் ஆணியும், சட்டகங்களைத் தங்களுக்குள் கட்டும் குறுக்குக் கம்பியும் அலங்காரமல்ல. கணக்குப் பாராமல், பக்கத்துக் கூடத்தைப் பார்த்துப் பற்றவைக்கும் டிரஸ், ஆடி வரை மட்டுமே டிரஸ். உள்ளே உட்கார்ந்து தைப்பவர் உயிர் அந்த ஆணியில் தொங்குகிறது.

பழைய கட்டடங்களைத் திருத்துவோரும் இதை நினைவிற்கொள்ள வேண்டும். உயரம் போதவில்லையென்று இழுவை மரத்தை அறுத்தெடுத்தால் அன்றே கூரை விழாது. சுவர்கள் மெல்ல மெல்ல வெளியே சாயும். சும்மா கிடப்பது போல் தெரிந்த மரமே எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது என்பது பிறகுதான் புரியும்.

வரைந்து வைப்போம்

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் இடைக்காலக் கருவாலி மரக்கூரை எரிந்து சாம்பலாயிற்று. சுமார் 2,000 கருவாலி மரங்களைக் கொண்டு, பழைய முறையில் கோடரியால் செதுக்கி, அதையும் கோபுரத்தையும் மீண்டும் எழுப்பினார்கள். 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கப்பட்டது. இது இயன்றதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தீக்குச் சில ஆண்டுகள் முன்னரே ரெமி ஃப்ரோமோன் என்ற கட்டடக் கலைஞர் தம் தோழர் ஒருவருடன் அந்த மரங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்து வைத்திருந்தார். மரம் எரிந்தது, அறிவு எரியவில்லை.

நம் ஊர்களில் தீ வர வேண்டியதில்லை. கடப்பாரை போதும். இடிக்கப்படும் தொட்டிக்கட்டு வீட்டின் தூலங்கள் பழைய மரக்கடைக்குப் போகின்றன. அறுபட்டுக் கதவாகவும் மேசையாகவும் மறுபிறவி எடுக்கின்றன. மரம் வீணாவதில்லை. எந்தக் காலில் எந்த வளை எப்படி அமர்ந்தது என்ற அறிவுதான் வீணாகிறது. எல்லா வீட்டையும் காக்க யாராலும் இயலாது. புதுக் கூடங்களை எழுப்ப வேண்டாமென்று சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இடிப்பதற்கு முந்தைய நாள், அளவுநாடாவும் தாளும் பென்சிலுமாக இரண்டு மாணவர்கள் அந்தக் கூரையின் கீழ் ஒரு பொழுது நிற்கலாம். தூலத்தின் உயரம், கைமரங்களின் இடைவெளி, மோட்டுச் சரிவு, பொருத்துகளின் வகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். முதிய தச்சர் ஒருவர் அருகில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அவர் வழங்கும் பெயரையும் கேட்டெழுதலாம். பள்ளிகளும் கல்லூரிகளும் பங்குகளும் மனம் வைத்தால் செலவின்றி நடக்கக்கூடிய பணி இது.

முன்னோரின் அறிவைச் சிலர் தூலத்தின் மேல் குத்துக்காலாக நிறுத்துகிறார்கள். அது இளையோரின் முதுகில் வெறும் பெருமைச் சுமையாக இறங்குகிறது. அளந்து, வரைந்து, புரிந்துகொண்ட அறிவோ தொங்குகாலைப் போன்றது. அது மேலிருந்தபடியே கீழுள்ளவர்களைத் தொய்ந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும்.