அளக்கப்பட்ட உடலும் தன்மதிப்பீடும்: சிங்கப்பூர் மாணவர் உடலுறுதி வரலாற்றில் ஒரு நோக்கு

பல்கலைக்கழக மாணவரின் உடற்பயிற்சிப் பழக்கத்தை ஆராய்வோர், 'உமது உடலுறுதியை நீர் எவ்வாறு மதிப்பிடுகிறீர்?' என்று வினவுவது வழக்கம். விடை மாணவரின் சொந்த உணர்விலிருந்து எழுவதாகவே கொள்ளப்படுகிறது. சிங்கப்பூரைப் பொறுத்தவரை அவ்விடைக்கு ஒரு வரலாறு உண்டு என்பது எமது கருத்தாகும்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க்கில் 1933 வரை குதிரைப் பந்தயம் நடைபெற்றது. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயரில் அதன் நினைவு எஞ்சியுள்ளது. பின்னர் அது விளையாட்டுத் திடலாயிற்று. அக்காலத்தில் விநாடிக் கணக்கு ஓட்ட வீரர்க்கே உரியதாயிருந்தது. ஆசிரியரான சி. குணாளன் 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். 2001இல் யு.கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடும்வரை அத்தேசியச் சாதனை நிலைத்தது.

ஏனைய இளைஞரையும் அளக்கும் முறை 1967இல் தேசிய சேவை கட்டாயமானதோடு வேரூன்றியது. 1982இல் பள்ளிகளுக்கு 'நாப்ஃபா' எனப்படும் உடலுறுதித் தேர்வு வந்தது. 2.4 கிலோமீட்டர் ஓட்டம் உள்ளிட்டவற்றில் மாணவர் தங்கம், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் பெற்றனர். வெள்ளித் தரம் பெற்ற ஆடவர்க்கு முழுநேரச் சேவையில் இரண்டு மாதம் குறையும் சலுகை பல்லாண்டுகள் இருந்தது. ஆடவருள் பெரும்பாலோர் சேவையை முடித்த பின்னரே பல்கலைக்கழகம் புகுகின்றனர். அதன்பின்னும் படைத்துறைத் தேர்வு அவர்களை விடுவதில்லை. பெண்களுக்கோ அவ்வளவுகோல் பள்ளியோடு நின்றுவிடுகிறது. ஒருவர் தாம் ஓடிய நிமிடங்களை எண்ணி விடையளிக்க, மற்றவர் தம் அன்றாடக் களைப்பையோ கண்ணாடியையோ எண்ணி விடையளிக்கக்கூடும். இவ்விரண்டையும் கூட்டிச் சராசரி காண்பதில் எமக்கு உடன்பாடில்லை.

இவ்வளவுகோல் உள்ளத்தையும் தொட்டது என்பதற்கு 1992இல் தொடங்கிய 'டாஃப்' திட்டமே சான்று. உடற்பருமன் மிக்க பிள்ளைகள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் பயிற்சி பெற்றனர். சில பள்ளிகளில் இடைவேளையிலும் அது நடந்தது. பருமன் மிக்க மாணவர் விகிதம் குறைந்தது உண்மையே. ஆயினும் அப்பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'கொழுப்பு' என வரும். பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க நெடுநேரம் வேண்டியிருந்திராது! கேலியும் தாழ்வுணர்ச்சியும் குறித்த குறைகூறல்களுக்கிடையே 2007இல் கல்வி அமைச்சு அத்திட்டத்தைக் கைவிட்டு, எல்லா மாணவர்க்கும் பொதுவான முழுமைநலத் திட்டத்தை ஏற்றது. அவ்வாண்டில் தொடக்கப்பள்ளியில் இருந்தோர் 2010களின் பிற்பகுதியில் பல்கலைக்கழக வயதை எட்டினர்.