விண்ணுயிராராய்ச்சியும் நம் ஈழநாடும்

வேற்றுலகில் உயிருண்டோ என்று ஆராய்வது செல்வ நாடுகளின் வேலையென நம்மிற் பலர் எண்ணுகின்றோம். கீரிக் கரையில் நின்று விண்மீன் நோக்கும் நமக்கும் அதிற் பங்குண்டு.

1923இற் காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னையிலே தத்துவம் பயின்றவர். பின்னரே இரசாயனத்தை நாடி, 1963இல் அமெரிக்காவின் நாசாவிற் சேர்ந்தார். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விண்கல்லொன்று வீழ்ந்தது. அதில் அமினோ அமிலங்கள் உண்டென அவர் குழு 1970இல் வெளியிட்டது. அவை தொட்டவர் கையழுக்காக இருக்கலாகாதா? இவ்வமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போன்ற இரு வடிவங்கள் உண்டு. பூவுலக உயிர்களின் புரதங்களில் இடவடிவமே காணப்படும். அக்கல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சமம்! நம்மை வியப்பித்தது இக்கணக்கேயாம்.

1984இல் நம் நாட்டு அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளர் பொறுப்பை அவர் ஏற்றார். பின்னர் அது கண்டியில் நிலைபெற்றது. 1994இல் அவர் மறைந்தார்.

2012 டிசெம்பரிற் பொலன்னறுவையில் வீழ்ந்ததென்ற கல்லில் நுண்பாசிக் கூடுகளைக் கண்டதாக, கொழும்பிற் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவின் குழு 2013இல் அறிவித்தது. நம் பத்திரிகைகள் கொண்டாடின. அவை நம் குளத்து நன்னீர்ப் பாசிகளை ஒத்தவை, கல்லே விண்கல்லென உறுதிப்படவில்லை என அறிஞர் பலர் மறுத்தனர். மேர்ச்சிசன் கல்லுக்கு வாய்த்த இடவலக் கணக்குப் போன்ற, எல்லோரையும் இணங்கச் செய்யும் சான்று இதற்குக் கிட்டவில்லை.