சுந்தர மந்திரம், திருச்சுழி

சுந்தர மந்திரம்: ரமண மகரிஷி பிறந்த வீடு. விருதுநகர் மாவட்டத்தில், திருச்சுழியில், குண்டாற்றங்கரையில் எழுந்த பூமிநாதர் கோயிலை ஒட்டிய தெருவில் உள்ளது.

வரலாறு: வழக்காடும் தொழில் செய்த சுந்தரம் ஐயரும் மனைவி அழகம்மாளும் இங்கு வாழ்ந்தனர். 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன நாளின் நள்ளிரவு கடந்த வேளையில், இவர்களின் மகன் வேங்கடராமன், பின்னாளைய ரமண மகரிஷி, பிறந்தார். வீட்டின் ஒரு பகுதி குடும்பத்துக்கும் மற்றொரு பகுதி வழிப்போக்கர், விருந்தினருக்கும் என ஒதுக்கப்பட்டிருந்தது. 1892இல் தந்தை மறைந்ததும் குடும்பம் பிரிந்தது. வேங்கடராமன் மதுரையில் சிற்றப்பா வீட்டுக்குச் சென்றார். 1896இல் திருவண்ணாமலையை அடைந்தார்.

இன்றைய நிலை: திருவண்ணாமலை ரமணாசிரமம் இந்த வீட்டை வாங்கி ரமணரின் தந்தையின் பெயரைச் சூட்டியது. ரமணர் பிறந்த அறையில் வழிபாடு நடைபெறுகிறது.

சிறப்பு: இதே மாவட்டத்தில், விருதுநகரில் முன்னாள் முதலமைச்சர் காமராசரின் வீடும் நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. கரிசல் மண்ணின் எளிய தெருவீடுகளும் அரண்மனைகளுக்கு இணையான வரலாற்றுச் சான்றுகளே. அவற்றைப் பேணுவது ஊரின் கடமை.