ஒரு லேப்டாப்பும் ஒரு கடற்படையும்

ஆபீஸில் புது லேப்டாப் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புரியும். பழையது சூடாகும், இரைச்சல் போடும், பாட்டரி அரை மணி நேரம் தாங்காது. ஆனாலும் ஐ.டி. டிபார்ட்மெண்டிடம் டிக்கெட் போட்டு, மேலாளர் ஒப்புதல் வாங்கி, புதியது கைக்கு வந்த பிறகுதான் தெரியும், தினமும் பயன்படுத்திய சாஃப்ட்வேர் அதில் ஓடாது என்று. இந்தத் தலைவலியை லட்சக்கணக்கான பேருக்கு ஒரே சமயத்தில் கொடுத்துப் பார்த்த அமைப்பு ஒன்று உண்டு. அது அமெரிக்கக் கடற்படை.

1990களின் கடைசியில் அந்தக் கடற்படையில் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு பிரிவும் தன் விருப்பத்துக்கு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான தனித்தனி நெட்வொர்க்குகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர், எவ்வளவு செலவு என்று கேட்டால் நேரான பதில் சொல்ல ஆள் இல்லை. நிதி மிஞ்சிய பிரிவில் பளபளப்பான புது மெஷின், நிதி இல்லாத பிரிவில் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது.

இதற்கு மருந்தாகத்தான் 2000 அக்டோபரில் 'நேவி மெரைன் கோர் இன்ட்ராநெட்', சுருக்கமாக என்.எம்.சி.ஐ., ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 690 கோடி டாலர். எடுத்தது டெக்சாஸைச் சேர்ந்த ஈ.டி.எஸ். நிறுவனம். (1992 ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நின்று பத்தொன்பது சதவீத வோட்டு வாங்கினாரே ராஸ் பெரோ, அவர் 1962-ல் ஆரம்பித்த கம்பெனி. ஒப்பந்தக் காலத்தில் அவர் அங்கே இல்லை, எப்போதோ வெளியேறிவிட்டார்.)

ஒப்பந்தத்தின் சூட்சுமம் காமர்ஸ் மாணவர்களுக்குப் பிடிக்கும். கடற்படை கம்ப்யூட்டரை வாங்கவில்லை, 'சீட்' வாங்கியது. ஒரு ஊழியருக்கு ஒரு சீட். அந்த சீட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை. மெஷின், கேபிள், சர்வர், ரிப்பேர், ஹெல்ப் டெஸ்க், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பழைய மெஷினை மாற்றித் தருவது எல்லாமே அந்தத் தொகைக்குள் அடக்கம். சொத்து முழுக்க ஈ.டி.எஸ். பேரில். அதாவது, மூலதனச் செலவாக இருந்தது வருவாயினச் செலவாக மாறியது. தேய்மானம் யார் தலையில்? கம்பெனி தலையில். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது!

சிக்கல் வந்த இடம் மெஷின் அல்ல, அதற்குள் இருந்த சாஃப்ட்வேர். புது கம்ப்யூட்டரை மேஜையில் வைக்கும் முன் பழையதில் என்னென்ன ஓடுகிறது என்று கணக்கெடுத்தார்கள். யாரும் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வந்தது. பல பத்தாயிரம் அப்ளிகேஷன்கள். எங்கோ ஒரு கிடங்கில் உதிரிபாகக் கணக்குக்காக யாரோ எழுதி வைத்த புரோகிராம், எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், ஆனால் அது இல்லாவிட்டால் கிடங்கு நிற்கும். பாதுகாப்புச் சோதனையில் தேறாததைப் புது நெட்வொர்க்கில் ஏற்ற அனுமதி இல்லை. விளைவு, பல ஊழியர்களின் மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று புதியது, ஈமெயிலுக்கு. இன்னொன்று பழையது, வேலை செய்வதற்கு! செலவைக் குறைக்கக் கொண்டுவந்த திட்டத்தில் இரண்டுக்கும் சேர்த்துச் செலவு.

இதில் கம்பெனிக்கும் லாபம் இல்லை. சீட் மாறினால்தான் பணம், தர அளவுகளை எட்டினால்தான் முழுப் பணம். மாற்றம் தாமதமாகத் தாமதமாக, முன்கூட்டியே வாங்கிப் போட்ட மெஷின்கள் கிடங்கில் பழசாகிக்கொண்டிருந்தன. ஈ.டி.எஸ். இந்த ஒரு ஒப்பந்தத்தில் நூற்றுக்கணக்கான மில்லியன் டாலர் நஷ்டத்தைக் கணக்கில் காட்டியது.

2003 ஆகஸ்டில் இன்னொரு கூத்து. வெல்ச்சியா என்ற புழு நெட்வொர்க்கில் புகுந்து அதன் கொள்ளளவில் முக்கால் பங்கைத் தின்றது. வேடிக்கை என்னவென்றால், பிளாஸ்டர் என்ற இன்னொரு புழுவை அழித்து, கம்ப்யூட்டருக்கு பேட்ச் போடுவதற்காக எழுதப்பட்ட 'நல்ல' புழு அது. எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருந்தால் பராமரிப்பு சுலபம்தான். புழுவுக்கும் அதே சுலபம்.

2006 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. கணக்குப் பார்த்தது. திட்டத்தின் நோக்கங்களுக்காக வைத்த 20 இலக்குகளில் எட்டியது 3. பயனாளர் திருப்தி 85 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இலக்கு, அதையும் தொடவில்லை. மெஷின் துவங்க நெடுநேரம், ஒரு சின்ன சாஃப்ட்வேர் போடவும் அனுமதிக்குக் காத்திருப்பு என்று புகார்கள் குவிந்தன. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். யாரிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இருந்த கடற்படைக்கு முதல் முறையாக ஒரு முழுக் கணக்கு கிடைத்தது இந்தத் திட்டத்தால்தான். அந்தப் பல பத்தாயிரம் அப்ளிகேஷன்களும் பெருமளவு களையெடுக்கப்பட்டன.

2008-ல் ஈ.டி.எஸ்.ஸை எச்.பி. சுமார் 1390 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் ஒப்பந்தம் முடியும்போதுதான் 'சொத்து நம்முடையது அல்ல' என்பதன் முழு அர்த்தம் கடற்படைக்கு உறைத்தது. நெட்வொர்க் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற விவரம்கூடக் கம்பெனியின் கையில். வேறு ஆளிடம் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். போட்டி டெண்டர் இல்லாமல் அதே எச்.பி.க்கு சுமார் 330 கோடி டாலரில் தொடர் ஒப்பந்தம் போனது. இருபது வருடம் வீட்டு வாடகை கொடுத்தவரிடம், சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்லத் தனிக் கட்டணம் கேட்ட மாதிரி.

ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு, லெய்டோஸுக்கு, போனது 2020-ல்தான்.

இடையில் இன்னொன்று நடந்தது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவை நிறுத்தியது. அதன் பிறகும் எக்ஸ்பியில் ஓடிய தன் கம்ப்யூட்டர்களுக்கு பேட்ச் எழுதித் தரச் சொல்லி, 2015-ல் இதே கடற்படை மைக்ரோசாஃப்ட்டுக்கு 91 லட்சம் டாலர் கொடுத்தது. பழைய அப்ளிகேஷன்கள் வேறு எதிலும் ஓடவில்லையாம்.