ஷ்வான் செல்

ஷ்வான் செல் என்பது புற நரம்புகளில் நரம்பிழைகளைச் சூழ்ந்து பேணும் துணைச் செல். தடித்த இழைகளுக்கு இது மயலின் எனும் கொழுப்புச் செறிந்த உறையை அமைக்கிறது; மெல்லிய இழைகள் பலவற்றை உறையின்றியே தன்னுள் பொதிந்து வைக்கிறது. உறையுள்ள இழையில் மின்துடிப்பு வினாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் பாயக்கூடும். உறையில்லாத இழையில் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவது அரிது. வெறும் போர்வையாக எண்ணப்பட்ட இச்செல்லிலேயே பல நரம்பு நோய்கள் தொடங்குகின்றன என்பதும், அறுந்த நரம்பு வளர இதுவே வழியமைக்கிறது என்பதும் படிப்படியாகத்தான் தெரியவந்தன.

தொடக்க ஆய்வுகள்

ஜெர்மானியரான தியோடர் ஷ்வான் (1810–1882), விலங்குடல் செல்களால் ஆனது என நிறுவிய தம் 1839ஆம் ஆண்டு நூலில் இச்செல்களை விவரித்தார். இவை வரிசையாக இணைந்தே நரம்பிழை உருவாகிறது என்பது அவர் கருத்து. 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்பை வெட்டி, நாக்கிலுள்ள இழைகளை நுண்ணோக்கியில் கவனித்தார். வெட்டுக்கு அப்பாலிருந்த இழைகளின் உறை துண்டுதுண்டாக உடைந்து உருண்டைகளாகித் தேய்ந்தது. தாய்ச் செல்லோடு தொடர்பறுந்த இழை பிழைக்காது என்று அவர் முடிவுசெய்தார். இச்சிதைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1854இல் ருடால்ஃப் விர்கோ உறைப்பொருளுக்கு மயலின் என்று பெயரிட்டார். உறையில் சீரான இடைவெளிகளில் காணப்படும் கணுக்களை 1870களின் தொடக்கத்தில் பிரான்சின் லூயி ரான்வியர் விவரித்தார்.

ஷ்வானின் கருத்தை அமெரிக்கரான ராஸ் ஹாரிசன் தகர்த்தார். தவளைக் கருவில் ஷ்வான் செல்கள் பிறக்கும் திசுவை அகற்றியபோதும் இயக்க நரம்பிழைகள் உறையின்றி வளர்ந்ததை 1904இல் காட்டினார். இழை நரம்புச் செல்லிலிருந்தே நீள்கிறது என்பதை 1907இல் திசு வளர்ப்பின் வழியே நேரில் கண்டார்.

உறை உருவாகும் விதம்

மயலின் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி விடை தந்தது. கோழிக் கருவின் நரம்புகளை ஆராய்ந்த பெட்டி ஜெரன், ஷ்வான் செல்லின் சவ்வே பாய்ச் சுருளைப்போல இழையை மீண்டும் மீண்டும் சுற்றி உறையாகிறது என்று 1954இல் விளக்கினார். ஒரு ஷ்வான் செல் ஓர் இழையின் ஒரு கணுவிடைப் பகுதிக்கு மட்டுமே உறை போடுகிறது.

நோய்கள்

பாரிசில் ஷார்கோவும் மாரியும், இங்கிலாந்தில் டூத்தும் 1886இல் விவரித்த பரம்பரை நோயில் கால் தசைகள் முதலில் மெலிகின்றன. இதன் பரவலான வகைக்கு 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இரட்டிப்பதே காரணம் என்று 1991இல் தெரிந்தது. அப்பகுதியிலுள்ள மரபணு, மயலின் உறைக்கான புரதம் ஒன்றை ஷ்வான் செல்லில் அளவுக்கு மீறி உண்டாக்குகிறது. இரு படைவீரர்களிடம் கண்டு 1916இல் கியானும் பாரேயும் ஸ்த்ரோலும் பதிவுசெய்த திடீர் வாதத்தில், நோயெதிர்ப்பு ஆற்றலே நரம்பைத் தாக்குகிறது. பல நோயாளிகளில் முதலில் சிதைவது மயலின்.

ஹான்சன் 1873இல் கண்ட தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்லுக்குள்ளேயே குடியேறுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், விரல்கள் தேய்வது சதை அழுகுவதால் அன்று, உணர்வு மரத்துப்போனபின் தெரியாமல் நேரும் சூடு, வெட்டு, புண் ஆகியவற்றால் என்று காட்டினார். முடங்கிய விரல்களை இயக்கத் தசைநாண்களை இடம் மாற்றும் அறுவை சிகிச்சையையும் அங்கே வளர்த்தார்.

சீரமைப்பு

நரம்பு அறுந்தால் ஷ்வான் செல் உறை போடும் வேலையை விட்டு, சிதைந்த மயலினை அகற்றி, நீள வரிசைகளாக அணிவகுத்துப் புதிய இழைக்குத் தடம் அமைக்கிறது. இம்மாற்றத்துக்கு சி-ஜூன் என்ற புரதம் இன்றியமையாதது என்பதை லண்டனில் ஜெசன், மிர்ஸ்கி குழுவினர் காட்டினர். இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளர்கிறது; தோளருகே அறுந்தால் கையை எட்ட ஓராண்டுக்கு மேலாகும். அதற்குள் காத்திருக்கும் ஷ்வான் செல்களின் சீரமைப்புத் திறன் மங்கிவிடுகிறது. வளர்ந்தோரில் இத்தகைய காயங்கள் முழுமையாக ஆறாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பதால், அத்திறனை நீட்டிக்கும் வழிகளை இன்றைய ஆய்வு தேடுகிறது.