கடைமடைப் பால்வாடி

போன வாரம் வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வீட்டுக்கு வரும்போது, புது பிளாட்டுல குடியிருக்கிற ஒரு பொண்ணு வழியில நிறுத்திக் கேட்டுச்சு. "அண்ணாச்சி, பாப்பாவைப் பால்வாடியில சேக்கப் போனேன். பிள்ளைக நெறைஞ்சிட்டு, எடம் இல்லைன்னுட்டாக. யார்ட்டயாச்சும் சொல்லிப் பாக்கீகளா?"

வீட்டுக்காரர் துறைமுகத்துல லாரி ஓட்டுதாரு. இது உப்பளத்துக்குப் போகுது. அளத்து வேலைக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே போயாகணும். மூணு வயசுப் பிள்ளையையும் கூடவே கூட்டிட்டுப் போய், பாத்தி ஓரமா உக்கார வச்சிட்டுத்தான் உப்பு சுமக்குது.

பால்வாடின்னா பால் குடுக்கிற இடம்னு சின்ன வயசுல நினைச்சிருந்தேன். உண்மையில அது மராத்தி வழியா வந்த பேரு. 'பால்' என்றால் குழந்தை, 'வாடி' என்றால் தோட்டம். 1945-ல் மகாராஷ்டிரக் கடலோரத்து போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் ஏழைப் பிள்ளைகளுக்காக இதை ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராததைப் பார்த்துவிட்டு, அவர்கள் குடியிருக்கும் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி வந்த கதை இதுதான். பிள்ளை இருக்கிற இடத்துக்குப் பள்ளி போகணும் என்பதே அதன் அடிப்படை.

இந்த வரலாற்றில் எங்க ஜில்லாவுக்கும் பங்கு உண்டு. காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில்தான். ஆனால் அந்தச் சோறு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு மட்டும். அதற்கும் சின்னதுகளுக்கு மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது 1975 அக்டோபர் 2-ல். அதுவும் நாடு முழுக்க 33 இடங்களில் மட்டும். கிராமத்துக்குக் கிராமம் பால்வாடி வந்தது எம்.ஜி.ஆர். காலத்தில்தான். 1982 ஜூலை 1-ல் திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கியபோது, இரண்டு வயசுப் பிள்ளையிலிருந்தே சேர்த்துக்கொண்டார்கள். எழுத்து, பாட்டு, விளையாட்டு எல்லாமே எங்க ஊருக்குச் சோத்துப் பானைக்குப் பின்னாடிதான் வந்து சேர்ந்தது.

சட்டம் மட்டும் பின்னால போச்சு. 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி என்று அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு முதலில் சொன்னபோது, சின்னப் பிள்ளைகளும் அதில் அடக்கம். 2002-ல் திருத்தியபோது 6 முதல் 14 வரைதான் அடிப்படை உரிமையானது. ஆறு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு 'முயற்சி செய்யும்' என்பதோடு நின்றுபோனது.

அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைத்தது உச்சநீதிமன்றம். உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13-ல் வந்த உத்தரவு இது: நாட்டில் குறைந்தது 14 லட்சம் மையங்கள் வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் கொடுக்கணும். அதன் பிறகு கணக்கும் மாறியது. முன்பு 1000 பேருக்கு ஒரு மையம். இப்போது 400 முதல் 800 பேருக்கு ஒன்று, 1600 வரை இரண்டு.

கணக்கு நல்ல கணக்குதான். ஆனா எங்க ஊரு அதுக்குள்ள நிக்கலை. 1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆச்சு. அடுத்து அனல்மின் நிலையம். 2008-ல் மாநகராட்சி. மீளவிட்டான், சங்கரப்பேரி, அத்திமரப்பட்டி எல்லாம் நகரத்துக்குள்ள போயாச்சு. மிச்சம் இருக்கிற கிராமங்களிலும் வயக்காட்டுல கல்லு ஊனி பிளாட் போடுறாங்க. வீடு வருது, பிள்ளைகள் வருது. பால்வாடி மட்டும் பழைய ஊருக்கு அளந்து கட்டின அதே ஒத்த அறை.

எங்களுக்கு இது புதுசு இல்லை. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வரும் வடகாலில் கோரம்பள்ளம் குளம் கடைமடை. மேலே யார் யார் எடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. கேக்காம இருந்தா அதுவும் வராது.

நகரத்துல இருக்கிற நீங்க, ப்ளே ஸ்கூல்ல எடம் கிடைக்காட்டி அடுத்த தெருவுல பணம் கட்டிருவீங்க. அளத்துல கூலி வாங்குற பொண்ணுக்கு அடுத்த தெரு கிடையாது. மையத்து டீச்சரையும் குத்தம் சொல்ல முடியாது. ஒரு டீச்சர், ஒரு ஆயா. அவங்களும் எத்தனை பிள்ளையைத்தான் பாப்பாங்க?

ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேரு பிளாட் பக்கம் வீடு வீடாப் போயி எழுதினோம். ஆறு வயசுக்குள்ள 43 பிள்ளைக. பேரு, வயசு, தாய் பேரு எல்லாம் போட்டு, 2006 உத்தரவையும் குறிப்பிட்டு, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பேருக்கு மனு எழுதியாச்சு. காலையில சீக்கிரம் திறக்கணும்னு கடைசி வரியில சேக்கச் சொன்னது அந்தப் பொண்ணுதான்.

திங்கக்கிழமை மனுவைக் குடுத்து ரசீது வாங்கிட்டேன். அன்னையிலிருந்து மூணு மாசம். காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.